டிரைவ் செட்டிங்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நேரடி சப்ளையில் நன்றாக ஓடிய மோட்டார், டிரைவ் (மோட்டாருக்குப் போகும் ஃப்ரீக்வென்சியையும் வோல்டேஜையும் மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மாட்டியதிலிருந்து சூடாகிறது. லோடு ஏறினால் திணறுகிறது. டார்க் பூஸ்ட்டைக் (குறைந்த வேகத்தில் கூடுதல் வோல்டேஜ் கொடுக்கும் செட்டிங்) கூட்டியும் பயனில்லை.

பதில்: பூஸ்ட்டைப் பழைய அளவுக்கே இறக்கிவிட்டு, பேஸ் ஃப்ரீக்வென்சி, அதாவது டிரைவ் முழு வோல்டேஜையும் கொடுக்கும் ஃப்ரீக்வென்சி, எவ்வளவு என்று பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் வைத்தே வரும் டிரைவ்கள் உண்டு. மோட்டாரின் பெயர்ப்பலகையில் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றிருந்தால், ஒரு ஹெர்ட்ஸுக்கு 8 வோல்ட் போக வேண்டும். 60 என்று விட்டுவைத்தால் 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது சுமார் 333 வோல்ட்தான் போகும். காந்தப்புலம் பலவீனமாகி, அதே லோடை இழுக்க மோட்டார் கூடுதல் கரண்ட் வாங்கும்; சூடு அங்கிருந்துதான் வருகிறது. தாங்கக்கூடிய உச்ச முறுக்குவிசையும் ஏறத்தாழ 70 சதவீதமாகச் சுருங்கிவிடும்.

பூஸ்ட் என்பது புறப்படும் நேரத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் கொடுக்கும் கைத்தாங்கல் மட்டுமே. அளவு மீறினால் லோடே இல்லாமலும் மோட்டார் கொதிக்கும்.

அப்படியே பலகையில் உள்ள கரண்டையும் ஆர்பிஎம்மையும் உள்ளிட்டுவிடுங்கள். ஓவர்லோடு பாதுகாப்பு அந்தக் கரண்டை நம்பித்தான் வேலை செய்கிறது.

கேள்வி: பெரிய ஃபேன். ஸ்டாப் கொடுத்தால் ஓவர்வோல்டேஜ் டிரிப் ஆகிறது. சப்ளை சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: சப்ளையைக் குறை சொல்ல வேண்டாம். டிரைவ் ஃப்ரீக்வென்சியை வேகமாக இறக்குகிறது, கனமான ஃபேன் அதே வேகத்தில் குறைவதில்லை. மோட்டார் ஜெனரேட்டராக மாறி, டிரைவின் உள்ளே இருக்கும் டிசி பஸ்ஸுக்குள் (நேர்மின்சாரப் பகுதி) மின்சாரத்தைத் திருப்பித் தள்ளுகிறது; அங்கே வோல்டேஜ் ஏறித்தான் டிரிப் ஆகிறது. டீசலரேஷன் நேரத்தை (வேகத்தைக் குறைக்க எடுக்கும் நேரம்) 10 வினாடியிலிருந்து 40, 60 என்று கூட்டிப் பாருங்கள். ஃபேன் தானாக நின்றால் போதும் என்றால் கோஸ்ட் ஸ்டாப் இன்னும் எளிது. சீக்கிரம் நிறுத்தியே ஆக வேண்டுமா? அப்போது திரும்பி வரும் மின்சாரத்தை வெப்பமாக்கிக் கழிக்கும் பிரேக்கிங் ரெசிஸ்டர் வேண்டும். அதைப் போட்டால் டீசலரேஷன் ஸ்டால் தடுப்பை (பஸ் வோல்டேஜ் ஏறினால் வேகக் குறைப்பைத் தானாகத் தாமதப்படுத்தும் வசதி) அணைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் ரெசிஸ்டருக்கு வேலையே இருக்காது.

கேள்வி: மோட்டார் கீச்சென்று சத்தம் போடுகிறது.

பதில்: கேரியர் ஃப்ரீக்வென்சியை (டிரைவ் தன் வெளியீட்டை ஆன்-ஆஃப் செய்யும் வேகம்) 2 கிலோஹெர்ட்ஸிலிருந்து 6 அல்லது 8 வரை ஏற்றுங்கள். சத்தம் குறையும், டிரைவ் கூடுதலாகச் சூடாகும். கேபிள் நீளம் என்றால் லீக்கேஜ் கரண்ட்டும் கூடும், அங்கே ஏற்றாமல் இருப்பதே மேல்.

கேள்வி: கன்வேயரை நாள் முழுக்க 10 ஹெர்ட்ஸில் ஓட்டலாமா?

பதில்: முழு லோடில் என்றால் கூடாது. மோட்டாரின் சொந்த விசிறியும் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில்தானே சுற்றும்! தனி சப்ளையில் ஓடும் கூலிங் ஃபேன் போடுங்கள், அல்லது கியர் விகிதத்தை மாற்றி மோட்டாரை வேகமாக ஓட விடுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.