படகில் தீப்பிடிக்காமல் இருக்க: கேள்வி பதில்

சொந்தப் படகுகளுக்கு இன்ஜினும் ஒயரிங்கும் பார்ப்பது என் தொழில். தீ சம்பந்தமாக வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

எந்தத் தீயணைப்பான் வாங்கலாம் சார்?

எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறீர்கள். தீப்பிடித்த பிறகு வேண்டிய சாமான் அது. ஏபிசி பவுடர் (பலவகைத் தீக்கும் ஆகும் உலர் தூள்) போதும். அடுப்புக்கு நேர் மேலே மாட்டாதீர்கள், வெளியேறும் வழியில் மாட்டுங்கள். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நின்றாலும் உள்ளே பவுடர் இறுகியிருக்கலாம். அவ்வப்போது கவிழ்த்துக் குலுக்குங்கள்.

உள்ளே பெட்ரோல் இன்ஜின். புதுப் படகு, வாடையே இல்லை. ஒவ்வொரு தடவையும் ப்ளோவர் (இன்ஜின் அறைக் காற்றை வெளியே தள்ளும் விசிறி) போடணுமா?

போடணும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே வராது, பில்ஜுக்குள் (படகின் அடிப்பள்ளம்) இறங்கித் தேங்கும். மேலே நிற்கிற உங்கள் மூக்குக்கு எப்படித் தெரியும்? காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் 4 நிமிடம் ஓட விடுங்கள். எரிபொருள் நிரப்பிய பிறகு கட்டாயம். அப்புறம் மூடியைத் திறந்து, குனிந்து மோந்து பாருங்கள்.

சத்தம் கேட்கிறது என்று நம்பிவிடாதீர்கள். ஓஸ் (காற்றுக் குழாய்) கழன்று விழுந்திருந்தாலும் மோட்டார் சுற்றத்தான் செய்யும். வெளியேற்றும் துளை முன்னால் ஒரு டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். படபடவென்று வெளிப்பக்கம் தள்ளினால் சரி. தொங்கிக்கொண்டிருந்தால் இன்ஜினைத் தொடாதீர்கள்.

கார் ஆல்டர்னேட்டர் அப்படியே பொருந்துகிறது, விலையும் குறைவு. போடலாமா?

கூடாது. படகுக்கான ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் இரண்டையும் உள்ளே பறக்கிற பொறி வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்காதபடி செய்கிறார்கள். கார் பாகத்தில் அந்தக் காப்பு இல்லை.

கரை மின்சார (கரையிலிருந்து படகுக்கு இழுக்கும் கரண்ட்) பிளக் ஒரு பக்கம் பழுப்பாகிவிட்டது. ஃபியூஸ் போகவில்லை, அதனால் பயமில்லைதானே?

இதற்குத்தான் பயப்பட வேண்டும். ஃபியூஸ் மின்னோட்டம் அதிகமானால்தான் போகும். லூஸ் காண்டாக்டில் மின்னோட்டம் கூடுவதில்லை, சூடுதான் கூடுகிறது. உப்புப் பூத்த ஒரு முனையில் 0.1 ஓம் தடை என்று வையுங்கள். 20 ஆம்பியர் போனால் அந்த இடத்தில் மட்டும் 40 வாட் சூடு. ஒரு சால்டரிங் இரும்பைப் பிளக்குக்குள் சொருகிவிட்டு, ராத்திரி முழுக்க ஹீட்டரையும் ஓடவிட்டுத் தூங்குகிறீர்கள். ஃபியூஸுக்கு எதுவும் தெரியாது. பிளக்கையும் படகிலுள்ள சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கருகிய சாக்கெட் புதுப் பிளக்கையும் கெடுத்துவிடும்.

அப்படியானால் எல்லா இணைப்பையும் சால்டர் செய்துவிட்டால் (ஈயத்தை உருக்கி ஒட்டினால்) லூஸே ஆகாதே?

சால்டர் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஏறி, அது நிற்கிற இடத்தில் ஒயர் விறைத்துவிடும். இன்ஜின் அதிர்வில் அங்கேதான் ஒடியும். வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு ஒயர், சரியான அளவு லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது), ராட்செட் கருவியில் கிரிம்ப் (நசுக்கி இறுக்குவது). அவ்வளவுதான்.

30 வருஷமா சால்டர்தான் வைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

அண்ணே, உங்கள் கை சுத்தமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 60/40 ஈயம் 183 டிகிரியில் உருக ஆரம்பிக்கும். மேலே சொன்ன மாதிரி சூடேறுகிற இணைப்பில் ஈயம் மட்டுமே பிடிமானம் என்றால், ஒயர் கழன்று எங்கே போய்த் தொடும்?

கிரிம்ப் செய்து அதன் மேல் சால்டர்?

பிடிமானத்துக்குக் கிரிம்ப் இருக்கிறது, அதனால் கழலாது. ஆனால் விறைப்புச் சிக்கல் அப்படியே இருக்கிறது. நான் செய்ய மாட்டேன். கிரிம்பை இழுத்துப் பார்த்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டு மூடுவேன்.

பிளையரால் நசுக்கினால் கிரிம்ப் ஆகாதா?

ஆகாது. சால்டர், கிரிம்ப் பேச்சு இத்தோடு போதும். இதே விஷயமாக இன்னும் ஒன்பது கேள்வி கிடக்கிறது, எதற்கும் பதில் போடப்போவதில்லை.

அவுட்போர்டுக்கும் (படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின்) ப்ளோவரா?

இன்ஜின் திறந்தவெளியில் இருப்பதால் அதற்குத் தேவையில்லை. ஆனால் டேங்க் மூடிய அறைக்குள் இருந்தால் காற்றோட்டம் வேண்டும். தூக்கக்கூடிய டேங்க் என்றால் கரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள்.

கேஸ் அடுப்பு?

எல்பிஜியும் கீழேதான் இறங்கும். ப்ளோவர் பதிலைப் படியுங்கள். சிலிண்டர் அறையின் அடியிலிருந்து நேராகப் படகுக்கு வெளியே துளை இருக்க வேண்டும். பில்ஜுக்குள் திறக்கக் கூடாது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

என் துறை இல்லை. கம்பெனியைக் கேளுங்கள்.

இரவில் போன், கேமரா பேட்டரி சார்ஜ் போடலாமா?

எல்லோரும் தூங்கும்போது வேண்டாம். 2019 செப்டம்பர் 2 அன்று கலிஃபோர்னியா கடலில் கன்செப்ஷன் என்ற முக்குளிப்புப் படகு எரிந்தது. கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேர் இறந்தார்கள். எதனால் பற்றியது என்று கடைசிவரை உறுதியாகவில்லை. ஆனால் இரவு ரோந்துக்கு ஆள் விழித்திருக்கவில்லை என்பது உறுதி. நடுக்கடலில் தங்கினால் ஒருவர் முறை வைத்து விழித்திருங்கள். படுக்கையறையிலிருந்து இரண்டாவது வழி இருக்கிறதா என்று இருட்டில் தடவிப் பாருங்கள்.

இன்ஜின் அறையிலிருந்து புகை வந்தால்?

மூடியைத் திறக்காதீர்கள், காற்று கிடைத்ததும் தீ பாயும். இன்ஜினை நிறுத்துங்கள், ப்ளோவரையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அடிக்கிற பவுடரை இரண்டும் வெளியே இழுத்துவிடும். எரிபொருள் வால்வை அடைத்து, மூடியில் உள்ள சிறு துளை வழியாகத் தீயணைப்பானை அடியுங்கள். அந்தத் துளை உங்கள் படகில் இல்லையென்றால் இந்த வாரமே போடுங்கள்.