வேலை தேடும் நேரத்தில் வலைப்பூவை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 44. சிங்கப்பூரின் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றின் கப்பல் ஆவணப் பிரிவில் 11 ஆண்டு வேலை பார்த்தேன். கடைசிச் சம்பளம் 4,600 வெள்ளி. இரண்டு மாதத்துக்கு முன்பு ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். பல காலமாகத் தமிழில் ஒரு வலைப்பூ எழுதி வருகிறேன். வேலை போனதிலிருந்து தினமும் அதில்தான் புலம்பிக்கொண்டிருக்கிறேன். ஆபீசில் நடந்தது, நேர்முகத் தேர்வில் கேட்டது எல்லாம் அதில் இருக்கிறது. படிப்பவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். மனைவியோ, "இதனாலேயே யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள், மூடிப் போடுங்கள்" என்கிறார். மாமனார், மாமியாருக்கு விஷயம் தெரியாது. காலையில் பையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுகிறேன். வலைப்பூவை நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. இப்போது உங்களுக்குத் தேவை இரண்டு ஏடுகள். ஒன்று உங்களுக்கு மட்டும், மற்றது ஊருக்கு. முதல் ஏட்டில் எழுத வேண்டியதை நீங்கள் இரண்டாவதில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். சிக்கல் அவ்வளவுதான்.

எழுத்துக்கு வருமுன் பணத்தைப் பேசிவிடுவோம். கையில் இருப்பது எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியாதவரை நீங்கள் எதை எழுதினாலும் அதில் பதற்றம்தான் தெரியும்.

ஆண்டுக்கு இரண்டு வாரம் என்பது குறைவாகத் தோன்றலாம். இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை கொடுப்பதுதான் இங்கே வழக்கம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவிர, இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. உங்களுக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட ஐந்து மாதச் சம்பளம். வேலை இழந்ததற்கான அந்த ஈட்டுத்தொகைக்கு வருமான வரி கிடையாது. முன்னறிவிப்புக் காலத்துக்குப் பதிலாகக் கொடுத்த சம்பளம் இருந்தால் அதற்கு வரி உண்டு, இரண்டையும் பிரித்து வையுங்கள். சம்பள பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று கடைசிச் சம்பளச் சீட்டை ஒரு முறை பாருங்கள். இருந்தால், வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் டாடம் எனப்படும் முத்தரப்புக் கூட்டணியிடம் போக வேண்டும். நியாயமற்ற பணிநீக்கம் என்று புகார் செய்ய விரும்புவோருக்கு ஒரு மாதம்தான் கெடு. அது உங்களுக்குக் கடந்துவிட்டது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவட்டும் என்று சொல்கிறேன்.

பலர் கவனிக்காமல் விடுவது வீட்டுக் கடன். மத்திய சேம நிதியிலிருந்து கழிந்தால் மாதத் தவணை கண்ணுக்கே தெரியாது. ஆனால் சம்பளம் நின்றதும் சேம நிதியின் சாதாரணக் கணக்கில் புதுப் பணம் சேர்வதும் நின்றுவிடும், தவணை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். இன்றைக்கே சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளத்தைப் போட்டு சேம நிதித் தளத்துக்குள் போய், சாதாரணக் கணக்கில் இருக்கும் தொகையை மாதத் தவணையால் வகுத்துப் பாருங்கள். நான்கு மாதத்துக்குக் குறைவாக வந்தால் வீவகவிடமோ வங்கியிடமோ இப்போதே பேசுங்கள். தவணை தவறிய பிறகு போய் நிற்பதற்கும், தவறுமுன் போய்க் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அடுத்து, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம். 2025 ஏப்ரலில் தொடங்கியது. தன் விருப்பமில்லாமல் வேலை இழந்த, 21 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்காக வந்தது. கடந்த ஓராண்டில் ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும், சராசரி மாதச் சம்பளம் 5,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது. வீட்டின் ஆண்டு மதிப்பை (வாடகைக்கு விட்டால் ஓராண்டில் வரக்கூடிய தொகையின் மதிப்பீடு) பற்றியும் ஒரு நிபந்தனை உண்டு, வீவக வீட்டுக்காரர்களை அது தடுக்காது. நீங்கள் குடியுரிமை பெற்றவர் என்றால் 4,600 வெள்ளிக்குத் தகுதி இருக்கிறது. முதல் மாதம் 1,500 வெள்ளி, அடுத்து 1,250, அப்புறம் 1,000, பிறகு மூன்று மாதம் 750 வீதம், ஆக மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். சும்மா வராது. மாதந்தோறும் வேலை தேடும் முயற்சிகளுக்கு 10 புள்ளி சேர்க்க வேண்டும். விண்ணப்பம் போடுவது, வேலை ஆலோசகரைப் பார்ப்பது, தகுதியுள்ள பயிற்சிக்குப் போவது எல்லாம் கணக்கில் வரும். வலைப்பூவில் எழுதுவதற்குப் புள்ளி இல்லை.

அதனால்தான் முதல் ஏடு. சாதாரண நோட்டுப் புத்தகமோ கணினியில் ஒரு அட்டவணையோ, எதுவானாலும் சரி. தேதி, நிறுவனம், எந்த வேலை, யாரிடம் பேசினேன், எந்த ரெஸ்யூமேவை அனுப்பினேன், மறுபடி எப்போது கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு வரி. கூடவே ஒரு சின்ன இடம் விட்டு, அன்றைய கோபத்தை அங்கே கொட்டுங்கள். "என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன் நேர்முகம் செய்தான், கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான்" என்று எழுத வேண்டிய இடம் அதுதான்.

உங்கள் வலைப்பூவில் அந்த வரி அப்படியே இருக்கிறது, நிறுவனத்தின் பெயர் மட்டும்தான் இல்லை. எந்தத் தெரு, எந்த மாடி, என்ன தொழில் என்பதெல்லாம் இருக்கிறது. பெயரைச் சொல்லாவிட்டாலும் ஆளை அடையாளம் காண முடிந்தால் இங்கே அவதூறு வழக்குப் போட முடியும். ஒருவரைத் தொல்லை செய்யும் நோக்கத்தில் அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவதும் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் குற்றம். உங்களை யாரும் நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள் என்று பயமுறுத்தவில்லை. அதைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து வேறு: ஆட்குறைப்பின்போது கையெழுத்துப் போட்ட கடிதம். நிறுவனத்தைப் பற்றித் தாழ்வாகப் பேச மாட்டேன், வாடிக்கையாளர் விவரத்தை வெளியிட மாட்டேன் என்ற பத்திகள் பல கடிதங்களில் இருக்கும். கோபத்தில் இருக்கும்போது அவற்றை யாரும் படிப்பதில்லை. எடுத்துப் படியுங்கள்.

"தமிழில்தானே எழுதுகிறேன், அந்த மேலாளருக்கு எங்கே புரியப்போகிறது" என்று நினைக்கலாம். இன்றைக்கு உலாவியில் ஒரு சொடுக்குப் போட்டால் பக்கம் முழுக்க ஆங்கிலத்துக்கு மாறிவிடும். அதற்கும் மேலே, சிங்கப்பூரில் தமிழ் படிப்பவர்கள் வட்டம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். சரக்குத் துறையிலும் நம்மவர்கள் நிறைய. உங்கள் பதிவைப் படித்து ஆறுதல் சொன்னவரின் மச்சான் நாளைக்கு உங்களை நேர்முகம் செய்பவராக இருக்கலாம்.

ஆகவே, வேலை போனதற்குப் பின் எழுதிய பதிவுகளை அழிக்காமல் வரைவுக்குத் திருப்பி வையுங்கள். என்றாவது அவற்றை நிதானமாக மாற்றி எழுதத் தோன்றும், அழித்துவிட்டால் அதுவும் போய்விடும். இன்னும் முடிவு தெரியாத எந்த விண்ணப்பத்தைப் பற்றியும் ஒரு வரிகூட வெளியிடாதீர்கள். நல்லபடியாக எழுதினால்கூட வேண்டாம்.

அப்புறம் ஊருக்கான ஏட்டில் என்ன எழுதுவது? உங்கள் தொழிலை எழுதுங்கள். 11 ஆண்டு கப்பல் ஆவணங்களைப் பார்த்தவர் நீங்கள். வலைப்பூ முழுக்கத் தேடினேன், அதைப் பற்றி ஒரு பதிவுகூட இல்லை.

எடுத்துக்காட்டாக ஒன்று. தேக்காவில் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் சென்னையிலிருந்து ஒரு கன்டெய்னர் வரவழைக்கிறார். கப்பல் சில நாளில் வந்துவிடுகிறது, பில் ஆஃப் லேடிங் எனப்படும், சரக்கைப் பெறும் உரிமையைக் காட்டும் கப்பல் ஆவணத்தின் மூலப் பிரதி கூரியரில் இன்னும் வரவில்லை. மூலப் பிரதி இல்லாமல் கப்பல் நிறுவனம் சரக்கை விடாது. துறைமுகத்தில் பெட்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் கட்டணம் ஏறுகிறது. இதைத் தவிர்க்க டெலெக்ஸ் ரிலீஸ் என்று ஒரு வழி இருக்கிறது. அனுப்புபவர் மூலப் பிரதியைச் சென்னையிலேயே கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால், அவர்கள் இங்குள்ள தங்கள் அலுவலகத்துக்குத் தகவல் கொடுப்பார்கள், இங்கே மூலப் பிரதி கேட்காமல் சரக்கை விடுவார்கள். ஆனால் ஒன்று, பணம் கைக்கு வருமுன் அனுப்புபவர் இதற்கு ஒப்புக்கொண்டால் அவருடைய பிடி போய்விடும். எப்போது கேட்கலாம், எப்போது கேட்கக்கூடாது, டிரேட்நெட் என்ற இணைய முறையில் இறக்குமதி அனுமதி எடுக்கும்போது எந்த விவரம் பொருந்தாமல் போனால் சிக்கல், 9 விழுக்காடு பொருள் சேவை வரி எதன்மேல் கணக்கிடப்படுகிறது... இதெல்லாம் உங்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். சின்ன வியாபாரம் செய்யும் தமிழருக்கு இதைத் தமிழில் சொல்ல ஆள் குறைவு.

இப்படி நாலைந்து பதிவு வந்த பிறகு வலைப்பூவின் முகவரியை ரெஸ்யூமேயில் போடலாம். அதே பதிவின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் லிங்க்ட்இன்னில் போடுங்கள், வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பார்க்கும் இடம் அது. இப்போதிருக்கும் நிலையில் முகவரியைப் போட வேண்டாம்.

வெளிப்படையாக ஒன்று சொல்லிவிடுகிறேன்: வலைப்பூவைப் பார்த்து யாரும் உங்களைக் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போவதில்லை. உங்கள் வயதில், உங்கள் துறையில், வேலை பெரும்பாலும் தெரிந்தவர் மூலம்தான் வருகிறது. பழைய சகாக்கள், உங்களுக்கு விலைப்புள்ளி அனுப்பிய கப்பல் நிறுவன ஆட்கள், லாரி ஏற்பாடு செய்தவர்கள். "வேலை இருக்கிறதா" என்று மொட்டையாகக் கேட்டால் அவர்களுக்குச் சங்கடம். "உங்கள் பக்கம் ஆவண வேலைக்கு இப்போது என்ன மென்பொருள் கேட்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நீளும். பதிவு எழுதியிருந்தால் அதை அனுப்புவதே பேச ஒரு சாக்கு. வலைப்பூவின் பயன் அங்கேதான்.

மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலை விளம்பரத் தளத்தில் தினமும் பாருங்கள், விளம்பரம் வந்த ஓரிரு நாளிலேயே விண்ணப்பியுங்கள். வெளிநாட்டு ஊழியருக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி கேட்கப்போகும் நிறுவனம் பொதுவாக அங்கே 14 நாள் விளம்பரம் செய்தாக வேண்டும். ஆளை மனத்தில் முடிவு செய்துவிட்டு விளம்பரம் போடுபவர்களும் உண்டு. பதில் வராத எல்லாவற்றையும் உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரெஸ்யூமேயில் வயது, படம், திருமண விவரம் எதுவும் வேண்டாம். "ஏன் வேலையை விட்டீர்கள்" என்று கேட்டால், "நிறுவனம் எங்கள் பிரிவைக் குறைத்தது, என் பணியிடமும் போனது" என்று சொல்லி நிறுத்துங்கள். உங்கள் பழைய பதிவுகளைப் பார்த்தால் நீங்கள் அங்கே நிறுத்துபவராகத் தெரியவில்லை, வீட்டில் இரண்டு முறை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

பயிற்சி பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். 40 வயதானவர்களுக்கு 2024 மே மாதம் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை உங்கள் கணக்கில் இருக்கும். தகுதியுள்ள முழுநேரப் பயிற்சிக்குப் போனால் சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகையும் உண்டு. ஆனால் பயத்தில் கண்ணில் பட்ட வகுப்பில் சேராதீர்கள். மேலே சொன்ன பழைய சகாக்கள் மூன்று பேர் ஒரே மென்பொருளின் பெயரைச் சொன்னால், அதற்குப் போங்கள். எதில் சேர்வது என்று குழப்பம் இருந்தால் ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ள என்டியுசி தொழிற்சங்கக் காங்கிரஸின் இ2ஐ வேலை உதவி நிலையத்தில் ஆலோசகரைப் பார்க்கலாம்.

இப்போது வீடு. ஊருக்கெல்லாம் தெரிவித்துவிட்டு மாமனாரிடம் மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இது எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. கோயிலில் யாராவது அவரிடம், "மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டதாமே" என்று கேட்டால் அவர் நிலைமை என்ன? இந்த வாரமே மனைவியோடு போய் நேரில் சொல்லுங்கள். வேலை போன செய்தியோடு நிறுத்தாமல், எத்தனை மாதத்துக்குக் கையில் இருக்கிறது, மாதம் என்ன உதவி வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பெரியவர்களுக்கு அதுதான் தைரியம். நூலகத்துக்குத் தொடர்ந்து போங்கள், ஒளிவதற்காக வேண்டாம். காலை நேரம் விண்ணப்பத்துக்கும் தொலைபேசிக்கும். வலைப்பூ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. இரவில் எழுதினால் அன்றே வெளியிடாமல், காலையில் படித்துப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள். தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் 1771 என்ற மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் போன்ற வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பாஸ் ரத்தானபின் பொதுவாக 30 நாள்தான் தங்கலாம். மேலே சொன்ன அரசு உதவிகள் உங்களுக்குப் பொருந்தாது. வரி பாக்கி இல்லை என்ற அனுமதி வரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் பிடித்து வைத்திருக்கும், அதை நம்பி விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.

வலைப்பூவில் விளம்பரம் போட்டுப் பணம் வந்தால் அதுவும் வருமானம்தான், வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் கட்ட வேண்டியிருக்கும். புது வேலை கிடைத்து ஒப்பந்தம் கைக்கு வரும்போது, வெளியே எழுதுவது, வெளி வருமானம் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். தெளிவாக இல்லாவிட்டால், "எனக்கு ஒரு வலைப்பூ இருக்கிறது, தொழில் பற்றிப் பொதுவாக எழுதுகிறேன், தொடரலாமா?" என்று மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, வரும் பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.