ரோட்ட போட்டாச்சு, இழப்பீடு எங்க?

கேள்வி: எங்க தாத்தா நிலத்துல பல வருஷம் முன்னாடி மாநில அரசு ரோடு போட்டுச்சு, இழப்பீடுன்னு ஒத்த பைசா வரல. இப்ப போய் கேட்டா இவ்ளோ காலம் எங்க அனுபவத்துல இருக்கு, எங்களுக்குத்தான் சொந்தம்ங்கறாங்க. இது சரியா சார்?

பதில்: சரியே இல்லைங்க. இதே மாதிரி இமாச்சலப் பிரதேசத்துல 1967-68ல ரோட்டுக்குன்னு ஒரு அம்மாவோட நிலத்த முறையா கையகப்படுத்தாமலே அரசு எடுத்துக்கிச்சு, எழுதப் படிக்கத் தெரியாத அந்தம்மாவுக்கு 80 வயசானப்போ, 2020 ஜனவரியிலதான் சுப்ரீம் கோர்ட்ல நியாயம் கிடைச்சுது. மக்கள் நலன் பாக்க வேண்டிய அரசே எதிரிடை அனுபவ பாத்தியம் (அடுத்தவங்க நிலத்த பல வருஷம் அனுபவிச்சுட்டேன், அதனால எனக்கே சொந்தம்ங்கற உரிமை) கேக்க முடியாதுன்னு கோர்ட் தெளிவா சொல்லி இழப்பீடு குடுக்க வெச்சுது. அம்பது வருஷம்ங்க, நெனச்சாலே வயிறு எரியுது. சொத்துரிமை 1978 திருத்தத்துக்கு அப்புறம் அடிப்படை உரிமை இல்லதான், ஆனா அரசியல் சட்டம் 300ஏ பிரிவுப்படி சட்டத்தோட அதிகாரம் இல்லாம யார் சொத்தையும் பறிக்கக் கூடாது.

நீங்க அரசியல் சட்டம் 226வது பிரிவுல ஹைகோர்ட்ல ரிட் (அரசுக்கு உத்தரவு போடச் சொல்லிக் கேக்கற மனு) போடலாம். சிவில் கோர்ட்டுக்குப் போறதா இருந்தா சிவில் நடைமுறைச் சட்டம் 80வது பிரிவுப்படி முதல்ல அரசுக்கு நோட்டீஸ் குடுத்து ரெண்டு மாசம் பொறுக்கணும், அவசரம்னா மட்டும் கோர்ட் அனுமதியோட முன்னாடியே போடலாம். பழைய பத்திரம், வரி ரசீது எல்லாத்தையும் இப்பவே தேடி எடுத்து வைங்க.