‘மஸ்ட்’ போட்ட இடத்தில் ஏன் சிவப்பு மை?
இங்கிலீஷ் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் நெதர்லாந்தில் ஐண்ட்ஹோவனில் இருக்கிறோம். மகள் டச்சுப் பள்ளியில் படிக்கிறாள். இங்கிலீஷ் மடமடவென்று பேசுகிறாள். ஆனால் எழுதினால் மஸ்ட், வில், ஹேட் டு வரும் இடங்களில் எல்லாம் சிவப்பு மை. எனக்கு டச்சு அரைகுறைதான். நான் எப்படி அவளுக்குச் சொல்லித் தருவது?
– ஒரு வாசகி

பதில்: உங்களுக்குத் தமிழ் தெரியுமே, இந்த விஷயத்துக்கு அது போதும். ஏன் என்று சொல்கிறேன்.

நெதர்லாந்தில் 1986 முதல் தொடக்கப் பள்ளியிலேயே இங்கிலீஷ் கட்டாயம். டிவியில் இங்கிலீஷ் படங்களைப் பெரும்பாலும் குரல் மாற்றாமல், கீழே எழுத்து ஓடவிட்டுத்தான் காட்டுகிறார்கள். அதனால் பிள்ளைகளின் காது நன்றாகப் பழகியிருக்கிறது. போதாததற்கு டச்சும் இங்கிலீஷும் ஒரே குடும்பத்து மொழிகள். இங்கிலீஷ் கேன், டச்சில் கான். ஷல், அங்கே ஸல். வில், அங்கேயும் வில். சிக்கலே இந்த ஒற்றுமையில்தான். ஒலி ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றுதான் என்று பிள்ளை நம்பிவிடுகிறது.

முதலில் ‘வில்’. ‘இக் வில் கோஃபி’ என்றால் டச்சில் ‘எனக்குக் காபி வேண்டும்’. இதை ‘ஐ வில் காஃபி’ என்று எழுதினால் டீச்சர் உடனே பிடித்துவிடுவார். எனக்குக் கவலை, பிடிபடாமல் போகிற வாக்கியங்களைப் பற்றித்தான். ‘ஐ வில் பிகம் எ டாக்டர்’ என்று உங்கள் மகள் எழுதினால் இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் சொல்ல நினைத்தது ‘டாக்டர் ஆக ஆசை’. படிப்பவருக்குப் போய்ச் சேருவது ‘டாக்டர் ஆவேன்’. ஆசையா, நிச்சயமா என்று அவளிடம் தமிழில் கேளுங்கள். ஆசை என்றால் ‘வான்ட் டு’.

அடுத்து ‘மஸ்ட்’. டச்சில் ‘மூட்’ என்பதன் இறந்தகாலம் ‘மூஸ்ட்’. ‘நேற்று வேலை செய்ய வேண்டியிருந்தது’ என்பதற்கு அவர்கள் ‘மூஸ்ட்’ போடுவார்கள். இங்கிலீஷில் அதே ஒலியோடு ‘மஸ்ட்’ கையருகே இருக்கிறது, சட்டென்று ‘எஸ்டர்டே ஐ மஸ்ட் வொர்க்’ என்று எழுதிவிடுகிறார்கள். சரித்திரப்படி பார்த்தால் மஸ்ட்டும் ஒரு காலத்தில் இறந்தகால வடிவம்தான். இன்றைய இங்கிலீஷில் அது நிகழ்காலச் சொல். நேற்றைய கடமையைச் சொல்ல ‘ஹேட் டு’ வேண்டும்.

இந்த ‘ஹேட் டு’வைக் கற்றுக்கொண்டதும் அடுத்த பள்ளம் வருகிறது. இதில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். டச்சில் ‘யே ஹாட் மூட்டன் பெல்லன்’ என்றால், ‘நீ போன் பண்ணியிருக்கணும்’. பண்ணவில்லை என்ற குறை அதில் இருக்கிறது. அந்த ‘ஹாட்’ பிள்ளையை இங்கிலீஷ் ‘ஹேட்’டுக்கு இழுத்துப்போக, ‘யூ ஹேட் டு கால் மீ’ என்று எழுதுகிறாள். அதைப் படிக்கும் இங்கிலீஷ்காரர், ‘நீ எனக்கு போன் பண்ண வேண்டியிருந்தது’ என்று புரிந்துகொள்வார். கோபித்துக்கொண்டதே அவருக்குத் தெரியாது! சரியான வாக்கியம் ‘யூ ஷுட் ஹேவ் கால்டு மீ’.

பண்ணியிருக்கணும், பண்ண வேண்டியிருந்தது. நம் வீட்டுப் பேச்சிலேயே இந்த இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. முதலாவதற்கு ‘ஷுட் ஹேவ்’, இரண்டாவதற்கு ‘ஹேட் டு’. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. ‘இந்நேரம் அவன் ஊருக்குப் போயிருக்கணும்’ என்று ஊகமாகவும் நாம் சொல்வோம். அந்த ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ்’. குறையா, ஊகமா என்று கேட்டால் அவளே சொல்லிவிடுவாள்.

எல்லாமே தப்பாகப் போவதில்லை என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். ‘ஷல் வீ கோ?’ என்பதை டச்சுப் பிள்ளைகள் வெகு இயல்பாகச் சொல்வார்கள், அவர்கள் மொழியிலும் அது அப்படியேதான். நம் ஊரில் படித்தவர்கள்கூட அதற்குத் தயங்குவார்கள்.

கேள்வி: பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப்பில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் உள்ளூர்க்காரர், ‘யூ மஸ்ட்டன்ட் கம் டு த மீட்டிங்’ என்று எனக்கு எழுதினார். அன்று முழுக்க மனசே சரியில்லை. என்னை ஏன் ஒதுக்க வேண்டும்?
– ஒரு வாசகர்

பதில்: அவர் உங்களை ஒதுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். உங்கள் ஆன்ட்வெர்ப் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் பேசும் டச்சில் ‘மூட் நீட்’ என்பதை ‘அவசியமில்லை’ என்ற பொருளில் தாராளமாகச் சொல்வார்கள். நெதர்லாந்துக்காரர்கள் இதே இடத்தில் பெரும்பாலும் ‘ஹூஃப்ட் நீட்’ என்பார்கள். உங்கள் நண்பர் தன் ஊர்ப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் போட்டுவிட்டார். அவர் சொல்ல நினைத்தது, ‘நீங்கள் வர வேண்டியதில்லை’. எழுதியதோ, ‘நீங்கள் வரக் கூடாது’.

‘வர வேண்டியதில்லை’யில் கடமைதான் இல்லாமல் போகிறது, விருப்பமிருந்தால் வரலாம். ‘வரக் கூடாது’ கதவையே சாத்திவிடுகிறது. இங்கிலீஷ் ‘மஸ்ட்டன்ட்’ எப்போதும் கதவைச் சாத்துகிற சொல். அவருக்கு வேண்டியது ‘டோன்ட் ஹேவ் டு’. இதை அவரிடம் நேரில், தனியாகச் சொல்லுங்கள். நாளை வெளிநாட்டு வாடிக்கையாளர் யாருக்காவது இதே வரியை அவர் எழுதிவிட்டால், அங்கே விளக்கம் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

கேள்வி: உட்ரெக்டில் என் டச்சு மருமகன், ‘ஐ ஷுட் கேன் டூ இட்’ என்கிறார். தப்பு என்று தெரிகிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு வாசகி

பதில்: டச்சில் கேன், மஸ்ட், ஷுட் மாதிரியான துணைவினைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கலாம். ‘இக் ஸௌ தாட் மூட்டன் குன்னன்’ (‘அதை என்னால் செய்ய முடிய வேண்டும்’) என்ற வாக்கியத்தில் ஸௌ, மூட்டன், குன்னன் என்று மூன்று இருக்கின்றன! ஏட்டு இங்கிலீஷில் இந்த வகைச் சொல் ஒன்றுக்கு மேல் நிற்காது. ‘கேன்’ முதல் இடத்தில் மட்டும்தான் வரும். அந்த இடத்தை ‘ஷுட்’ பிடித்துக்கொண்டதால் ‘கேன்’ விலகி, ‘பி ஏபிள் டு’ உள்ளே வருகிறது: ‘ஐ ஷுட் பி ஏபிள் டு டூ இட்’. அப்புறம், ‘ஐ மஸ்ட் ஹோம்’ என்று மாப்பிள்ளை சொன்னால் அதையும் திருத்துங்கள். டச்சில் ‘போக’ என்ற வினையை விட்டுவிட்டே பேசலாம். இங்கிலீஷில் ‘கோ’ கட்டாயம் வேண்டும்.