அலைன்மென்ட் செய்தும் டயர் தேய்கிறதே!

கேள்வி: என்னுடையது முன்சக்கர டிரைவ் உள்ள சின்ன கார். முன் டயர் இரண்டிலும் உள்ஓரம் மட்டும் தேய்கிறது. மூன்று மாதத்தில் இரண்டு முறை அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சீராக்குவது) செய்தாகிவிட்டது. இப்போது நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் வேறு வலப்பக்கம் திரும்பி நிற்கிறது. — வாசகர், கரூர்

பதில்: தேய்ந்த இடத்தில் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த்திசையில் ரம்பம் மாதிரி சொரசொரப்பு என்றால் டோ-அவுட். அதாவது சக்கரங்கள் முன்பக்கம் விரிந்து நிற்கின்றன. எப்படித் தடவினாலும் வழுவழுப்பாக இருந்தால் கேம்பர் மீது சந்தேகப்படலாம். அதாவது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான சின்ன கார்களில் டோவை (சக்கரங்கள் முன்பக்கம் குவிந்தோ விரிந்தோ நிற்கும் அளவை) மட்டும்தான் திருகிச் சரிசெய்ய முடியும். கேம்பர் தவறினால், பள்ளத்தில் விழுந்து லோயர் ஆர்மோ (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) ஸ்ட்ரட்டோ (ஷாக் அப்சார்பர் தூண்) வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு முறை செய்தும் நிற்கவில்லையே, எதையோ பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். கடகடத்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியின் நுனி மூட்டு). 12, 6 மணி இடங்களில் ஆட்டம் என்றால் சக்கர பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கம் இணைக்கும் உருண்டை மூட்டு). லோயர் ஆர்ம் புஷ் (அந்தக் கையின் மூட்டிலுள்ள ரப்பர்) கிழிந்திருந்தால் இதில் பிடிபடாமலும் போகும்: அலைன்மென்ட் மெஷினில் நிற்கும்போது எண்கள் சரியாக இருக்கும், பிரேக் பிடித்ததும் சக்கரம் இடம் மாறும். இவற்றை மாற்றாமல் அலைன்மென்ட் செய்வது தண்டச்செலவு.

டோவை வீட்டிலேயே அளக்கலாம். காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் ஸ்டீயரிங்கை நேராக வையுங்கள். இரு முன் டயரின் பின்பக்கமும் ஒரே உயரத்தில் சாக்பீஸ் குறி போட்டு, இடைத்தூரத்தை அளந்துகொள்ளுங்கள். சக்கரம் அரைச்சுற்று சுற்றி, குறி முன்னால் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை முன்னோக்கித் தள்ளி மறுபடி அளவுங்கள். முன்பக்க அளவு கூடுதல் என்றால் டோ-அவுட். பின்னோக்கித் தள்ளினால் கணக்கு கெடும்.

டோவைச் சரிசெய்ய டை ராடைத் திருப்பும்போது, அதை இறுக்கியிருக்கும் லாக் நட்டோடு ரப்பர் பூட்டின் (ராடின் உள்முனையை மூடும் உறை) கிளிப்பையும் தளர்த்துங்கள். இல்லையேல் பூட் முறுக்கிக் கிழியும், ஸ்டீயரிங் ரேக்கில் (டை ராடுகளை இடவலமாக நகர்த்தும் பற்சட்டம்) தண்ணீர் இறங்கும். மரை இடைவெளி 1.5 மி.மீ. உள்ள ராடில், ஒரு பக்கம் கால் சுற்று திருப்பினாலே டோ சுமார் 1 மி.மீ. மாறிவிடும். ரேக் முன்சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்கும் கார்களில் ராட் நீண்டால் டோ-இன் (சக்கரங்கள் முன்பக்கம் குவிவது) கூடும்.

ஸ்டீயரிங் கோணலானது, ஒரு பக்க ராடை மட்டும் திருப்பியதால்தான் இருக்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டிவிட்டு இரு பக்கமும் தனித்தனியாக வைக்கச் சொல்லுங்கள். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் அச்சிட்ட தாளையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கார் இடப்பக்கம் இழுக்கிறது. டோவைத் திருப்பலாமா? — வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம், டோ கோளாறில் வண்டி ஒரு பக்கம் இழுப்பது அபூர்வம். காற்றைப் பாருங்கள். பிறகு முன் டயர்களை இடவலமாக மாற்றிப் போடுங்கள்; இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான் குற்றவாளி. (சுழல் திசை அம்புக்குறி உள்ள டயருக்கு இது ஆகாது.) மாறவில்லையா? சிறிது தூரம் ஓட்டிவிட்டு ரிம் அருகே கை வைத்துப் பாருங்கள். இடது சக்கரம் மட்டும் சுட்டால் பிரேக் கேலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் சாலைகள் மழைநீர் வடிய இடப்பக்கம் சரிந்தவை, லேசான இழுப்பு அதனாலும் வரும்.