கச்சானில் இறைக்காதீர்கள், மாசியில் வெட்டுங்கள்

திருகோணமலை மாவட்டம் குச்சவெளிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கடலிலிருந்து ஒரு மைல் உள்ளே எனக்கு 3 ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. 15 அடி அகல விவசாயக் கிணறு, இரண்டு இஞ்சி பம்ப். மகன் சவூதியில் ஒரு பால் பண்ணையில் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறான். அங்கே மாதிரித் தண்ணீர் பாய்ச்சிப் புல் வளர்த்து, காயவைத்துக் கட்டி விற்கலாம் என்கிறான். கோடையில் தீனி இல்லாமல் மாட்டுக்காரர் எல்லோரும் அலைகிறார்கள். கையிலுள்ள காசைப் போடலாமா?”

போடலாம். ஆனால் 3 ஏக்கரிலும் வேண்டாம். கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசும் கோடை மாதங்களில் இறைத்து வளர்க்கும் யோசனையும் வேண்டாம். ஒரு ஏக்கர், அதுவும் தையிலிருந்து சித்திரை வரை. ஏன் என்று சொல்கிறேன்.

நம்முடைய மாவட்டத்தில் ஐப்பசி முதல் தை வரை மழை. அப்போது புல் தாராளமாக வளரும், ஆனால் காயாது. ஆடி, ஆவணியில் வெட்டிப்போட்டால் இரண்டு நாளில் சருகாகும், ஆனால் வளர்க்கத் தண்ணீர் இல்லை. தண்ணீரும் வெயிலும் சேர்ந்து கிடைக்கும் காலம் மாசி, பங்குனி, சித்திரைத் தொடக்கம் மட்டும்தான். உங்கள் தொழிலின் ஆதாயம் முழுவதும் இந்த இரண்டரை மாதத்துக்குள் இருக்கிறது.

இனிக் கிணற்றுக்கு வருவோம். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீற்றர் நீர் என்றால் ஏறக்குறைய 4,000 லீற்றர். கச்சான் காலத்தில் பயிர் நாளொன்றுக்கு 5, 6 மில்லிமீற்றர் குடிக்கும். வாய்க்காலில் ஊறிப்போவதையும் சேர்த்தால் ஏக்கருக்குத் தினமும் 30,000 லீற்றர் வேண்டும். உங்கள் கிணற்றில் ஓரடி நீர் என்பது சுமாராக 5,000 லீற்றர். அப்படியென்றால் ஒரு ஏக்கருக்கு 6 அடி, 3 ஏக்கருக்கு 18 அடி, ஒவ்வொரு நாளும். ஆவணியில் உங்கள் கிணற்றில் மொத்தம் எத்தனை அடி நிற்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

ஊறி வந்தாலும் இறைக்கக்கூடாது என்பேன். கரையோர மண்ணில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது உப்பைத் தள்ளிப் பிடித்திருக்கும். மேலே அந்த ஓரடியை இறைத்துக் கரைத்தால் கீழேயிருந்து உப்பு ஏறும். ஏறியது ஒரு மழையில் இறங்காது. உங்கள் புல்லுக்காகப் பக்கத்து வீட்டுக் குடிநீர்க் கிணறு கரிக்கத் தொடங்கினால் எந்த இலாபமும் அதற்கு ஈடாகாது. எனக்கு மிகவும் கவலை தருகிற விடயம் இதுதான்.

மகன் கண்ட சவூதிப் பண்ணைகளின் மறுபக்கத்தையும் அவருக்குச் சொல்லுங்கள். பாலைவனத்தில் வட்டம் வட்டமாகப் பச்சை விரித்தது ஆழத்திலிருந்த பழைய நிலத்தடி நீர். அது வற்றத் தொடங்கியதால்தான் பசுந்தீவனச் செய்கையைக் கட்டம் கட்டமாக நிறுத்த அந்த அரசு 2015 இறுதியில் முடிவெடுத்தது. அதற்கு முன்பே, 2014இல், அந்நாட்டுப் பால் நிறுவனமொன்று அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் வாங்கி, அங்கு விளைந்த தீவனத்தைக் கப்பலில் கொண்டுவரத் தொடங்கியது. அரிசோனாவும் வறண்ட பகுதிதான். அங்கேயும் நிலத்தடி நீருக்காக வழக்கும் வாக்குவாதமும் எழுந்தன.

செய்முறை இது. முதல் செலவு வேலி. பட்டி மாடுகள் அவிழ்ந்து திரியும் ஊரில் பச்சை தெரிந்தால் இரவோடு இரவாக முடிந்துவிடும். யானை வரும் பக்கமென்றால் அதையும் யோசியுங்கள். ஐப்பசி மழையோடு கினிப்புல் நடுங்கள். கோ-3 நல்ல புல்தான், ஆனால் தண்டு தடிப்பு. இலை சருகாகும்போதும் தண்டு ஈரமாகவே இருக்கும். அதை நறுக்கிச் சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த தீனி) போடலாம், உலர்புல்லுக்கு ஆகாது. இறுங்குச் சோளம் போடச் சொல்பவர்கள் உண்டு. வாடிய இளஞ்சோளத்திலுள்ள சயனைட்டு நஞ்சு வெயிலில் காயக் குறையும், நைத்திரேற்று நஞ்சு குறையாது. அதனால் அதை விட்டுவிடுங்கள்.

மார்கழிப் புல்லைப் பச்சையாகவே கொடுத்துவிடுங்கள். தை நடுவில் முழுவதையும் ஒட்ட அறுத்து, அதன்பின் தளிர்ப்பதை ஆறு வாரத்தில், பூக்க முன்னர், வெட்டுங்கள். அது மாசிக் கடைசி. அடுத்த வெட்டு சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும். காணியை ஏழு துண்டாக்கி நாளுக்கு ஒரு துண்டாகப் பாய்ச்சினால் கிணறு தாங்கும். மணல் நிலமென்றால் நான்கு நாளுக்கொரு முறை, அளவைக் குறைத்து. நன்றாகப் பராமரித்தால் ஒரு வெட்டுக்கு ஏக்கருக்கு ஒரு தொன் அளவில் உலர்புல் எதிர்பார்க்கலாம்.

காய்வது விளையாட்டல்ல. முன்பு ஒருமுறை, மழை கறுத்து வருகிறதென்று அவசரப்பட்டு அரைகுறையாகக் காய்ந்த புல்லைக் கட்டிக் கொட்டிலில் அடுக்கினேன். மூன்றாம் நாள் வாசலிலேயே சர்க்கரை கருகுகிற வாசம். கட்டுகளுக்குள் கையை விட்டேன், வைத்திருக்க முடியவில்லை. பிரித்தபோது ஆவி பறந்தது. நடுப்புல் புகையிலை நிறத்தில் இருந்தது. இன்னும் விட்டிருந்தால் கொட்டிலே எரிந்திருக்கும். அன்றிலிருந்து உப்புச் சோதனை செய்யாமல் கட்டுவதில்லை. அடுப்பில் வறுத்து ஆறவைத்த உப்பு ஒரு பிடி, இரண்டு அங்குலமாக நறுக்கிய புல் கொஞ்சம், இரண்டையும் ஈரமில்லாத போத்தலில் போட்டு இறுக மூடி இரண்டு நிமிடம் குலுக்குங்கள். உப்பு பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் 15 வீதத்துக்குக் கீழே, கட்டலாம். புல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். பனி விட்ட பிறகு காலை 9 மணிக்கு வெட்டி, மத்தியானம் புரட்டி, அந்தியில் வரிசையாகக் கூட்டி வைத்தால் இரண்டு மூன்று நாளில் சரியாகும்.

விற்பனையில் உங்களுக்குப் போட்டி வைக்கோல். பெரும்போக அறுவடை முடிந்ததும் அது மலிந்து கிடக்கும். நாட்டுமாட்டுப் பட்டி வைத்திருப்பவர் உலர்புல்லுக்குக் காசு தரமாட்டார். கலப்பினக் கறவை மாடு கட்டி வளர்ப்பவர்தான் தருவார்: வைக்கோலில் புரதம் 4 வீதம் அளவுதான், நேரத்துக்கு வெட்டிய புல்லில் 8, 10 வீதம் இருக்கும், பாலில் வித்தியாசம் தெரியும். அவரிடம் 10 மாடு, மாட்டுக்கு 4 கிலோ, 60 நாள் என்றால் 2,400 கிலோ. உங்கள் இரண்டு வெட்டும் ஒரே ஆளுக்கே சரி! ஆகவே சந்தை தேடி ஓட வேண்டாம். நடுவதற்கு முன் அப்படி இருவரோடு பேசிக்கொள்ளுங்கள். ஆவணி, புரட்டாதி வரை நனையாமல், தரையில் படாமல் பலகைமேல் அடுக்கிவைத்து எடைக்கு விற்றால்தான் விலை.

பசளைக் கணக்கும் உண்டு. ஒரு தொன் உலர்புல் மண்ணிலிருந்து 16 கிலோ நைதரசன் வரை கொண்டுபோகும். யூரியாவில் சொன்னால் 35 கிலோ. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்ததும், 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றதும் மறக்கக்கூடியவை அல்ல. வாங்குபவரிடமே சாணத்தைத் திருப்பி எடுப்பதாகப் பேசுங்கள்.

காசு போடுமுன் ஒரு வேலை. பங்குனிக் கடைசியில் ஒரு நாள் கயிற்றில் கல் கட்டிக் கிணற்று நீரை அளந்து, 5 அடி குறையும்வரை இறைத்து நிறுத்துங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு மட்டம் திரும்பியிருந்தால் ஒரு ஏக்கர் நடலாம். பாதிதான் ஏறியிருந்தால் அரை ஏக்கர். தண்ணீரில் ஒரு போத்தலை எடுத்துக் கமநல சேவை நிலையத்தில் உப்பைப் பரிசோதிக்க எங்கே கொடுப்பதென்று கேளுங்கள். இரண்டு அளவையும் திகதியோடு கொப்பியில் எழுதிவைத்து, அடுத்த பங்குனியிலும் அளந்து பாருங்கள்.