பதில்: சபையில் எல்லாமே நான்தான் செய்ய வேண்டியிருக்கிறது

வணக்கம் ஐயா. கோபி பக்கம் போதகராக வந்து ஆறு மாதம், பாட்டு முதல் வீடு சந்திப்பு வரை நீங்களே செய்கிறீர்கள், வாலிபர்கள் பின் வரிசையை விட்டு அசைவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது.

நான் பெருந்துறையில் பசங்களுக்குக் கபடி சொல்லித் தருகிறேன். களத்தில் ஏழு பேர், வெளியே மாற்று ஆட்டக்காரர்கள். பயிற்சியாளர் கோட்டுக்குள் இறங்கவே முடியாது. அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடனின் அணி 1964 முதல் 1975க்குள் 10 முறை கல்லூரிச் சாம்பியன். அவருடைய முதல் நாள் பாடமே, கொப்புளம் வராமல் காலுறை போடுவது எப்படி என்பதுதான்!

சரி, நீங்களும் சின்னதாகத் தொடங்குங்கள். வரும் ஞாயிறு வேத வாசிப்பை ஒரு பையனிடம் கொடுங்கள். சனிக்கிழமை சாயங்காலமே கூப்பிட்டு இரண்டு முறை வாசிக்க வையுங்கள். தடுமாறினால் சபை முன்னால் திருத்த வேண்டாம், அப்புறம் தனியாகச் சொல்லுங்கள்.